முப்பதாயிரம் பேர் பார்த்த சூரணம்

ஒரு பொருள் நல்லதா கெட்டதா என்று கண்டறிய மனிதகுலம் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பட்ட பாடு, 2008ஆம் ஆண்டு, தில்லி கோட்லா முபாரக்பூரில் ஒரு மாவு மில்லின் மாடியில் முடிவுக்கு வந்தது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கேட்டால் போதும். நிறையப் பேர் பார்த்திருந்தால் நல்ல பொருள். அந்த நிறையப் பேரைத் தயாரித்துக் கொடுக்கும் திருப்பணியை அந்த மாடி அலுவலகம் ஏற்றிருந்தது.

பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள், பன்னிரண்டு பெண்கள். ஏழாவது கம்ப்யூட்டரில் இந்திராணி. பத்தாம் வகுப்புக் கணக்கோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். 'சர்க்கரை சம்ஹார சூரணம்' என்ற விளம்பர வீடியோவை இணையத்தில் திறக்க வேண்டும், முப்பது விநாடி பார்க்க வேண்டும், மூட வேண்டும், மறுபடி திறக்க வேண்டும். இப்படியாக ஒரு நாளைக்கு ஒருத்தி ஆயிரம் பேர் ஆவாள்.

"இன்னிக்கு எத்தனை பேரும்மா?" என்று சாயங்காலம் கேட்பார் முதலாளி ஜெயசீலன்.

"தொள்ளாயிரத்து நாற்பது பேர் சார்."

"மீதி அறுபது பேர் எங்கே போனாங்க?"

"கரண்ட் போயிடுச்சு சார்."

"அச்சா. நாளைக்கு அவங்களையும் ஜல்தி வரச் சொல்லு."

ஜெயசீலன் ஒழுக்கசீலர். பார்க்காமலே எண்ணிக்கையை ஏற்றும் மென்பொருள் ஒன்றை யாரோ மலிவாகக் கொண்டுவந்தபோது, "சீச்சீ, அது மோசடி. ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ரெண்டு கண்ணு இருக்கணும்" என்று திருப்பி அனுப்பினார். இத்தகைய ஆபத்துகளைத் தடுக்க 'நெறிமுறைக் கமிட்டி' ஒன்றும் வைத்திருந்தார். தலைவர் அவர். உறுப்பினர் அவர் மனைவி அனந்தலக்ஷ்மி.

எல்லாம் சீராகத்தான் நடந்தது, இந்திராணியின் அம்மா அந்தச் சூரணத்தை வாங்கிவரும்வரை.

அம்மா வேலம்மாள் கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் லதாம்மா வீடு உள்பட நாலு வீட்டுக்குப் பாத்திரம் தேய்ப்பவள். சர்க்கரைக்காரி. கால் கட்டைவிரலில் ஆறாத புண். டிஸ்பென்சரி மாத்திரையைப் பரணில் எறிந்துவிட்டு, சூரணத்தை வெந்நீரில் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"யாரும்மா சொன்னா இதைக் குடிக்க?"

"லதாம்மா அவங்க வீட்டுக் கம்ப்யூட்டர்ல காட்டுனாங்க. முப்பதாயிரம் பேரு பார்த்திருக்காங்கடி."

"அந்த முப்பதாயிரம் பேரும் நாங்கதாம்மா. பன்னெண்டு பேரு."

"போடி. கணக்குல பெயிலானவதானே நீ."

"விரலை எடுக்கச் சொல்லிடுவாங்கம்மா. மாத்திரையைப் போடு."

"நீ ஒருத்தி சொல்றே. அங்க முப்பதாயிரம் பேரு. நான் யாரு பேச்சக் கேக்கறது?"

உலகத்துக்கு அப்படிக் கேட்கக் கற்றுக்கொடுக்கத்தான் இந்திராணி சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை டிஸ்பென்சரிக்குப் போனாள். பக்கத்துக் கம்ப்யூட்டர் சந்திரம்மாளின் மொபைலை இரவல் வாங்கியிருந்தாள். அதில் வீடியோ எடுக்க, கம்பவுண்டர் ராமமூர்த்தி பத்து விநாடி தலை வாரினார், மீதி முப்பது விநாடி பேசினார்: "சர்க்கரை மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. புண் இருந்தா உடனே வந்து காட்டுங்க." அவ்வளவுதான். பின்னணியில் இசைகூட இல்லை.

வீடியோவை இணையத்தில் ஏற்றி, இந்திராணி பதினோரு பெண்களிடமும் மெல்லிய குரலில் விஷயத்தைச் சொன்னாள். மூன்று நாளைக்குச் சூரணத்தை விட்டுவிட்டு இதைப் பார்க்க வேண்டும்.

"பார்க்கறேன்டி. என் வீட்டுக்காரரும் அந்தச் சூரணம்தான் குடிக்கறார்" என்றாள் சந்திரம்மாள்.

"ஐயோ அக்கா, அவர்கிட்ட சொல்லலையா?"

"சொல்லலாம்தான். ரெண்டு நாளா சண்டை, பேச்சுவார்த்தை இல்லை."

மூன்றாம் நாள் மாலை ராமமூர்த்தியை முப்பத்திரண்டாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். இந்திராணி லதாம்மா வீட்டுக்கே போய்க் கம்ப்யூட்டரில் காட்டினாள். வேலம்மாள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எண்ணைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"சூரணத்தைவிட ரெண்டாயிரம் பேரு ஜாஸ்தியா?"

"ஜாஸ்திம்மா."

"அதானே பார்த்தேன். ஆளைப் பார்த்தாலே நல்லவராத் தெரியுது." அன்றே மாத்திரை பரணிலிருந்து இறங்கியது. மறுநாள் டிஸ்பென்சரியில் புண்ணுக்குக் கட்டுப் போட்டார்கள். விரல் தப்பியது.

அதே நாள் நெறிமுறைக் கமிட்டி அவசரமாகக் கூடியது. மூன்று நாளாகச் சூரணத்தை இந்தியாவில் ஒரு ஜீவன்கூடப் பார்க்கவில்லை என்பதை ஜெயசீலன் கண்டுபிடித்திருந்தார்.

"இந்தக் கம்பவுண்டர் வீடியோவுக்கு யாரும்மா பணம் கொடுத்தது?"

"யாரும் இல்லை சார்."

"மாத்திரைக் கம்பெனி?"

"டிஸ்பென்சரில இலவசமாத்தான் சார் தர்றாங்க."

"கம்பவுண்டருக்காவது ஏதாவது லாபம்?"

"கூட்டம் அதிகமாயிடுச்சுன்னு திட்டறார் சார்."

அனந்தலக்ஷ்மி கருணை உள்ளவர். தப்பிக்க ஒரு வழி காட்டினார். "அவர் சொல்றது பொய்தானேம்மா? யோசிச்சுச் சொல்லு."

"இல்லைங்க மேடம். நிஜம்."

ஜெயசீலன் தண்ணீர் குடித்தார். பிறகு உத்தரவை எழுதினார்:

'எவரிடமும் பணம் பெறாமல், உண்மையான ஒரு செய்தியை, முப்பத்திரண்டாயிரம் பேர் பார்த்ததாகக் காட்டிப் பொதுமக்களை ஏமாற்றிய குற்றத்துக்காகச் செல்வி இந்திராணி பணிநீக்கம் செய்யப்படுகிறார். இந்நிறுவனத்தில் மோசடி நடப்பது இதுவே முதல் முறை.'