முந்நூறு செம்மறிகளும் என் ஏகாந்தமும்

'எனக்கு மனிதர்களையே பிடிக்காது' என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். கேட்பதற்கு நாலு பேர் இருந்தால்தான் அவர்கள் அதைச் சொல்வார்கள். இருபத்தெட்டாவது வயதில் நானே அதைக் கோவில்பட்டியில் நாற்பது பேரிடமாவது சொல்லியிருப்பேன். டீக்கடையில் மட்டும் தினம் இரண்டு வேளை.

தொண்ணூறுகளின் பிற்பாதி அது. பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார் வேலை. கல்யாணமாகி ஒரு வருடம். மாமியார் தெருவிலேயே வாடகை வீடு. ஒரு பக்கம் தீப்பெட்டி ஆபீஸ் (தொழிற்சாலையை எங்கள் ஊரில் அப்படித்தான் கௌரவப்படுத்துவோம்), மறுபக்கம் மாவு மில். எதிர்வீட்டுக்காரர் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவர். வாடகைக்குப் போகாத நாளில் அதை ரிப்பேர் பார்ப்பார்.

நானோ காட்டிலும் தீவிலும் தன்னந்தனியாக வாழ்ந்தவர்களைப் பற்றி நூலகத்தில் இருந்த அத்தனை புத்தகங்களையும் முடித்திருந்தேன். வாழ்ந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் ஊருக்குத் திரும்பி வந்துதானே எழுதியிருக்கிறார்கள் என்பது அப்போது உறைக்கவில்லை.

கழுகுமலை போகிற வழியில் அப்பா விட்டுப்போன மூன்று ஏக்கர் கரிசல் நிலம் எனக்கு உண்டு. வற்றிய கிணறு, மோட்டார் இல்லாத மோட்டார் ரூம், ஒற்றை வேப்பமரம். அங்கேயே வீடு கட்டிக் குடிபோய்விடுவது என்று தீர்மானித்தேன். மனைவி செல்வி, தன் அம்மா தெருவில் மனை பார்த்து வைத்திருந்தாள். இரண்டு மாதம் வீட்டில் இதே சண்டை. கடைசியில் அவள்தான் வழி சொன்னாள்.

"கோடை லீவுல ஏழு நாள் அங்கன தனியா இருந்து காட்டுங்க. இருந்துட்டா அங்கனயே கட்டுவோம். முடியலைன்னா இந்தத் தெருதான்."

"பேச்சு மாற மாட்டியே?"

"நீங்க பேசாம இருக்கீங்களான்னு மொதல்ல பாப்போம்."

அந்தக் குத்தலுக்காகவே மௌன விரதத்தையும் பந்தயத்தில் சேர்த்துக்கொண்டேன்.

சித்திரை மாதம். ஸ்டவ், ஏழு நாளைக்கு அரிசி, பருப்பு, பானைத் தண்ணீர், ஆறு புத்தகங்கள். காலை ஏழு மணிக்கு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். வானம் தரையைத் தொடுகிற இடம் வரைக்கும் ஆள் நடமாட்டமே இல்லை. கால் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடந்தது மண். இதுவல்லவோ சொர்க்கம் என்று கண்ணை மூடினேன். வாழ்க்கையைப் பற்றி யோசிக்க வேண்டியதையெல்லாம் யோசித்து முடித்துவிட்டு மணியைப் பார்த்தேன். எட்டேகால்.

மாலை நான்கு மணிக்குத் தோளில் கம்போடு ஒருவர் வந்தார். பெயர் மாடசாமி என்று பிறகு தெரிந்தது.

"மொதலாளி, நிலம் உங்களுதா?"

தலையாட்டினேன். (விரதத்தில் தலையாட்டலாம் என்பது நானே இயற்றிய சட்டம்.)

"மூணு நாளைக்கு இங்கன கிடை போட்டுக்கிடலாமா?"

கிடை என்றால் வெறும் நிலத்தில் ஆடுகளை அடைத்துப்போடுவது, புழுக்கை நிலத்துக்கு உரமாகும் என்று பாடப்புத்தக அளவில் தெரியும். அதற்கு மேல் தெரியாது. ஏழெட்டு ஆடு வரும், எங்கேயோ ஒரு மூலையில் படுத்துக்கொள்ளும் என்று நினைத்தேன். ஆளை அனுப்பினால் போதும் என்று பலமாகவே தலையாட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் மேற்கே புழுதி கிளம்பியது. முந்நூறுக்குக் குறையாத செம்மறிகள், மூன்று நாய்கள், மாடசாமியோடு சேர்த்து நாலு ஆட்டுக்காரர்கள். மோட்டார் ரூம் சுவர் வரைக்கும் ஆடு. என் சொர்க்கத்தில் எனக்குக் கால் வைக்க இடமில்லை. போதாததற்கு நாலு பேரும் தட்டை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

"கிடை கிடக்கிற வரைக்கும் நிலத்துக்காரவிய சோறுதானே வழக்கம்!" என்றார் மாடசாமி.

நாலு நாள் அரிசி ஒரே உலையில் போனது. நான் பரிமாறும்போது மாடசாமி என் காதுபடவே மற்றவர்களிடம் சொன்னார்: "பாவம்லே, வாய் பேச வராது போல. ஆனா மனசு தங்கம்." அதற்கும் தலையாட்டிவிட்டேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, பக்கத்து நிலத்துக்காரர் சுப்பையா அண்ணாச்சி மொபெட்டில் வந்து இறங்கினார்.

"ஏலே மாடசாமி! எனக்குக் கிடை போடுதேன்னு வெத்தலை பாக்கு வாங்கிட்டு இங்கன என்னலே பண்ணுத?"

"உங்க நிலத்துல சோளத்தட்டை அறுக்காம அப்பிடியே நிக்கு அண்ணாச்சி. எங்கன போயி அடைக்க? இவியட்ட கேட்டேன், தலையாட்டினாவ."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "நீரு தலையாட்டினீரா வாத்தியாரே?"

இங்கேயாவது கழுத்தைச் சும்மா வைத்திருக்கலாம். மறுபடியும் தலையாட்டினேன்.

அண்ணாச்சி பாய்ந்து மாடசாமியின் கம்பைப் பிடித்தார். அவர் விடவில்லை. மற்ற மூன்று பேரும் கம்போடு எழுந்தார்கள். நாய்கள் குரைத்தன. வாயைத் திறந்தால் என் வீடு போகும். திறக்காவிட்டால் யாராவது ஒருவர் மண்டை போகும்.

"நிறுத்துங்க ரெண்டு பேரும்!"

இருபத்தாறு மணி நேரம். (என் சாதனை இன்றுவரை அதுதான்.)

மாடசாமி கம்பை விட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். "யய்யா! மொதலாளிக்கு வாய் வந்துட்டு!"

"அவருக்கு வாய் எப்பம்லே போச்சு?" என்றார் அண்ணாச்சி. "டீக்கடையில நம்மளப் பேசவே விட மாட்டாரு."

தீர்ப்பு சொல்ல ஐந்து நிமிடம் போதுமாக இருந்தது: மூன்று நாள் என் நிலம், அதற்குள் எல்லாருமாகச் சேர்ந்து அண்ணாச்சியின் சோளத்தட்டையை அறுத்துவிடுவது, அடுத்த மூன்று நாள் அண்ணாச்சி நிலம். இருவரும் ஒப்புக்கொண்டார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை (பெருமைக்குத்தான் சொல்கிறேன்), அப்படி ஒரு நியாயத்தைச் சரித்திரத்தில் நான் படித்ததில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். இருபத்தாறு மணி நேரப் பேச்சு உள்ளே தேங்கிக் கிடந்ததே! நில வரலாறு, ஆட்டு வரலாறு என்று பன்னிரண்டு மணி வரைக்கும் பேசினேன். ஆடுகள் பாதியிலேயே மேய்ச்சலுக்குப் போய்விட்டன.

அண்ணாச்சி ஊருக்குள் போய்ச் செய்தியைச் சொல்ல, சாயங்காலப் பஸ்ஸில் செல்வி வந்தாள். ஒரு கையில் சாம்பார் வாளி, இன்னொரு கையில் அரிசிப் பை. மடியில் ஆட்டுக்குட்டியோடு, நாலு பேருக்கு நடுவில் நான் பேசிக்கொண்டிருந்தேன்.

"இது என்ன, கல்யாண வீடா?"

"ஆடெல்லாம் ஆள் கணக்குல வராது" என்றேன்.

"சரி. நீங்களே சொல்லுங்க. தனியா இருந்தீங்களா?"

வாதாடியிருக்கலாம். ஆனால் மாடசாமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கையெழுத்து, சாட்சி எதுவும் இல்லாமல், ஒரு தலையாட்டலை நம்பி முந்நூறு உயிரை ஓட்டிவந்த மனிதர். எங்கள் கரிசலில் ஒரு தலையாட்டலுக்கு அவ்வளவு மதிப்பு. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிமிரும்.

"இல்ல" என்றேன், வாயைத் திறந்து.

வீடு அந்த நிமிடமே மாமியார் தெருவுக்குப் போய்விட்டது. ஆனாலும் சோறு போடுகிற முறையை விடாமல், செல்வியும் நானும் மூன்று நாளும் அங்கேயே உலை வைத்தோம். யாருமில்லாத இடம் என்று நான் கண்டுபிடித்தது, வரவேண்டியவர்கள் இன்னும் வந்துசேராத இடம்தான். அந்த வருடம் என் நிலத்தில் விளைந்த உளுந்தைப் பார்க்க அண்ணாச்சி மூன்று முறை வந்தார். மூன்று முறையும் காயை உரித்து எண்ணிவிட்டுப் போனார்.

சமீபத்தில் மகளுக்கு நிச்சயம் பேச வந்தார்கள். "சம்பந்தத்துல உங்களுக்குச் சம்மதந்தானே?" என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டார். மகளைப் பார்த்தேன். தலையாட்டினேன்.

உள்ளேயிருந்து செல்வி ஓடிவந்தாள். "அவிய தலையாட்டுனதைச் சேத்துக்கிடாதீங்க! வாயால சொல்லச் சொல்லுங்க. முன்னால ஒருக்கா தலையாட்டி வீட்டையே விட்டவிய." பிறகு கிடை போட்ட கதை முழுவதையும் சொன்னாள். மகள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

நானும் எழுந்து நின்று வாயால் சம்மதம் சொன்னேன். கூடவே கொஞ்சம் விளக்கமும் சொன்னேன். முக்கால் மணி நேரம் கழித்து, சம்பந்தி என் மனைவி பக்கம் சாய்ந்து மெல்லக் கேட்டாராம்:

"தலையாட்டினதே போதும்னு விட்டிருக்கலாமோம்மா?"