கொலைகாரனை மாற்றிய மாப்பிள்ளை

ஆடிட்டர் ரிமோட்டை எடுத்து மறுபடியும் நிறுத்தினார். திரையில் தலைவிரி கோலமாக ஒரு பேய், வாயைத் திறந்தது திறந்தபடி நின்றது.

"பேய் வரதுக்கு முன்னாடி வயலின் வருது. வயலின் கேட்டதும் நான் போய்க் கதவைச் சாத்திட்டு வந்துடுவேன். அப்புறம் எங்கிருந்து பயம்?"

"அது நம்மளை விரட்டறதுக்குள்ள நீங்க பேசியே அதை விரட்டிடுவீங்க" என்றாள் மனைவி.

அவருக்குப் பிடித்த நாவலைத் தொடராக எடுத்திருந்தார்கள். பங்களாக் கிணற்றில் எஜமானி செத்துக் கிடக்கிறாள். பேய்தான் கொன்றது என்கிறது ஊர். அந்த எழுத்தாளரின் எல்லாக் கதைகளிலும் வரும் துப்பறிவாளர் மட்டும் நம்ப மறுக்கிறார். கல்லூரி நாளில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய பிரதியை, மற்றவர்கள் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வதுபோல, ஆடிட்டர் வருடம் தவறாமல் படிப்பார். யாருக்கும் இரவல் தரமாட்டார். முடிவைச் சொல்லவும் மாட்டார்.

சோபாவின் ஓரத்தில் மகள் விரும்பும் பையனும் அவன் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்க வந்தவர்கள். தொடருக்குத் திரைக்கதை எழுதியவன் அந்தப் பையன்தான். ஆடிட்டருக்கு மட்டும் இன்னும் தெரியாது. அப்பா ரசித்துப் பார்த்து முடித்ததும் அதைச் சொல்லி, அதே சூட்டில் சம்மதமும் வாங்கிவிடலாம் என்று மகள் கணக்குப் போட்டிருந்தாள். ஆடிட்டர் வீட்டுக் கணக்கு. தப்பாது என்று நினைத்தாள்.

கடைசிப் பகுதி ஓடியது. துப்பறிவாளர் விரலை நீட்டினார். எஜமானியின் தம்பி தலை குனிந்தான்.

ஆடிட்டர் எழுந்து நின்றுவிட்டார்.

"தம்பியா? முதல் காட்சியிலேர்ந்து கூடவே சுத்தினவன் கொலைகாரனா? இது எந்த ஊர் நியாயம்?"

"புஸ்தகத்துல யாருப்பா?" என்றாள் மகள்.

"இனிமே மறைச்சு என்ன? ஒரு டாக்டர். கடைசி அத்தியாயம் வரைக்கும் ஆளே வரமாட்டார். பேர்கூட வராது. திடீர்னு ரயில்ல பிடிபடுவார். எவனாவது சந்தேகப்பட முடியுமா? அதுதான் எழுத்து."

"அதுவரைக்கும் வராதவர் எப்படி சார்..." என்று பையன் இழுத்தான்.

"அந்தத் தைரியம்தான் உங்க தலைமுறைக்குக் கிடையாது."

மகள் குறுக்கே வந்தாள். "சீரியலுக்குன்னு கொஞ்சம் மாத்தத்தான்ப்பா செய்வாங்க."

"பேயை மாத்தட்டும், பங்களாவுக்கு வேற பெயின்ட் அடிக்கட்டும். கொலைகாரனை மாத்தலாமா? ஒரு கம்பெனிக் கணக்குல கடைசி வரியை மட்டும் நான் இஷ்டத்துக்கு எழுதினா உள்ள தள்ளிடுவாங்க. இதை எழுதினவனை வெளியில விட்டு வெச்சிருக்காங்க."

மனைவிக்கு மனசு கேட்கவில்லை. "விடுங்க. பையன் தொழிலுக்குப் புதுசு. போகப்போகக் கத்துக்குவான்."

"எந்தப் பையன்?"

அவள் டீ டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு சமையலறைக்கு நழுவினாள். ஆடிட்டரின் பார்வை சோபாவின் ஓரத்தில் போய் நின்றது.

"நான்தான் எழுதினேன், மாமா."

"சார்னே கூப்பிடு."

"நாவல்ல உள்ளதைத்தான் சார் எழுதினேன். ஒரு கமாகூட மாத்தல."

இது எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றிய கதையாகிவிட்டது.

"மாத்தினவனையாவது மன்னிக்கலாம்" என்றார் ஆடிட்டர், நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து. "மாத்திட்டு மாத்தலைன்னு சாதிக்கறவனுக்கு எப்படிப் பொண்ணு குடுக்கறது?"

பையன் ஆடிப்போனான். பணிந்து போனால் வேலை நடக்கும் என்று யாரோ அவனுக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். "சரி சார், எங்கயாவது மாத்தியிருப்பேன் போல. எனக்கே ஞாபகம் இல்லாம இருக்கும். மன்னிச்சிடுங்க."

"பாத்தியா, ஒத்துக்கிட்டான்."

இப்போது மகளின் முகம் மாறியது. "மாத்தவே இல்லைன்னு எங்கிட்ட சத்தியம் பண்ணியே. அது பொய்யா, இது பொய்யா?"

"அது நிஜம். இது... மரியாதைக்கு."

"மரியாதைக்குப் பொய் சொல்லுவியா? அப்ப எனக்கு எதெல்லாம் மரியாதைக்குச் சொன்னே?"

ஒரே வீட்டில் இரண்டு விசாரணை தொடங்கிவிட்டது. பையன் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பி மன்னிப்புக் கேட்டான். யாரிடம் எதற்குக் கேட்கிறோம் என்பது அவனுக்கே குழம்பிப்போனது.

ஆடிட்டர் உள்ளே போய் பீரோவைத் திறந்து, காலிகோ அட்டை போட்ட அந்தத் தடிமனான புத்தகத்தை இரு கையாலும் ஏந்தி வந்தார். பையனிடம் தரவில்லை. அவன் அம்மாவிடம் நீட்டினார்.

"நீங்களே படிங்கம்மா. நான் சொன்னா பொண்ணு குடுக்க மனசில்லாம சொல்றேன்னு ஆகும். கடைசி அத்தியாயத்தைப் படிச்சிட்டு, உங்க பையன் பண்ணது நியாயமான்னு உங்க வாயாலேயே சொல்லுங்க. நியாயம்னா இப்பவே கல்யாணத் தேதி குறிக்கலாம். இல்லைன்னா டீயோட சரி."

வந்ததிலிருந்து "சர்க்கரை போதும்" என்பதைத் தவிர எதுவும் பேசாத அந்த அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். புரட்டினார். ஓரிடத்தில் நிறுத்தினார். ஒரு தாளைப் பின்னால் தள்ளிப் பார்த்தார், மறுபடி முன்னால் தள்ளினார். மகள் நகத்தைக் கடித்தாள். பையன் கண்ணை மூடிக்கொண்டான். ஆடிட்டர் வெற்றி பெற்றவர் போலக் கையைக் கட்டிக்கொண்டார்.

அம்மாள் புத்தகத்தை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"அண்ணா, நூத்தி எண்பத்து நாலாம் பக்கத்துக்கு அடுத்து அறுபத்தேழாம் பக்கம் வருது, பைண்டு பண்ணவர் வேற நாவலோட வாலை இதுல சேத்துத் தைச்சிருக்கார்."