டொக்கு தட்டாத நாற்காலி

உலகத்தில் எதையும் தட்டிப் பார்க்காமல் நம்பாத ஒரே ஜீவன் எங்கள் டொக்குதான். டிசைன் கல்லூரி ஹாஸ்டலில் என் அறைத்தோழன். நான் அடிவாரத்துக் காரவள்ளி. அவன் கொல்லிமலை மேலே வளப்பூர் நாடு. பலாமரக்காரர் வீட்டுப் பிள்ளை. தட்டினால் ‘டொக்’ என்றால் காய், ‘டொம்’ என்றால் பழம் என்பது அவர்கள் குடும்ப வித்தை. அதைப் பலாவோடு நிறுத்தியிருக்கலாம். ஹாஸ்டல் கதவு, மெஸ் இட்லி, ஒருமுறை தூங்கிக்கொண்டிருந்த வார்டனின் தொப்பை, எதையும் அவன் விட்டதில்லை.

அவன் கட்டிலுக்கு மேலே, சாமி படம் மாட்ட வேண்டிய இடத்தில், ஒரு நாற்காலிப் படம் ஒட்டியிருக்கும். இரும்புக் குழாயை வளைத்துச் செய்தது, பின்னங்கால் கிடையாது.

“நம்ம மலை ரோட்டு வளைவையே மடிச்சு வச்சாப்ல இருக்குது பாரு. இத ஒருக்கா நேர்ல பாத்துப்புடோணும் சாமி” என்பான்.

கல்லூரிச் சுற்றுலாவில் ஜெர்மனி போனபோது அது வாய்த்தது. அந்த நாற்காலி இருக்கும் மியூசியத்துக்கு எங்களுக்கு ஒரே ஒரு மத்தியானம். நாற்காலி மாடியில். டொக்கு கீழ்த்தளத்தையே தாண்டவில்லை. மேசையைத் தட்டினான், காவலர் முறைத்தார். அலமாரியைத் தட்டினான், விரலை ஆட்டினார். டீ கெட்டிலைத் தட்டியதும் அலாரம் அலறியது.

“ஏனுங்க, தட்டித்தானுங்க பாத்தேன். எடுத்துக்கிட்டா போனேன்?”

அவர் வாசலைக் காட்டினார். மற்ற பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அவன் கண் கலங்கியிருந்தது.

வெளியே படியில் உட்கார்ந்தவன், “நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு கண்ணு” என்றான்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். ஓடிவந்து வளைவு, மினுமினுப்பு, தோல் இருக்கை எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

“செரி, தட்டிப் பாத்தியா?”

“இல்லடா.”

“அப்பறம் என்னத்தடா பாத்த?”

நான் பிறவிச் சாது. ஆளில்லாத ரோட்டில்கூடச் சிவப்பு விளக்குக்கு நிற்கிறவன். ஆனாலும் மறுபடி மாடியேறி, கயிற்றுக்கு மேலே கையை நீட்டித் தட்டிவிட்டேன். அதே காவலர் என்னையும் கையைப் பிடித்துக் கூட்டிவந்து வாசலில் விட்டார்.

“டொம்முன்னுச்சுடா” என்றேன்.

டொக்கு கண்ணை மூடிக்கொண்டான். முகமெல்லாம் அப்படி ஒரு நிம்மதி.

“பழுத்துருச்சு” என்றான்.

இப்போது அவன் மலையில், நான் சென்னையில். அதற்குப் பிறகு எத்தனையோ மியூசியங்களை, யாரும் வெளியே துரத்தாமல், முழுசாகப் பார்த்துவிட்டேன். ஒன்றும் மனசில் நிற்கவில்லை. பாழாய்ப்போனவன் பக்கத்தில் இல்லையே, என்ன செய்ய?