தலையாட்டத் தெரியாதவர் போட்ட ஐந்து மதிப்பெண்

கணினி விளையாட்டுகளுக்கு மதிப்பெண் போடும் பத்திரிகையின் பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, கோசிடோல் கிராமத்து முன்னாள் ஆட்டு மந்தைக்காரன் வல்சோ கரமானொவ் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு எழுதிக்கொள்வது. நானும் மிச்சமிருக்கும் பதினோரு ஆடுகளும் நலம். தங்கள் நலமும், தங்கள் வீட்டார் நலமும், இந்த வருஷம் ப்ளம் பழத்தில் ரக்கியா சாராயம் காய்ச்சியிருந்தால் அதன் நலமும் அறிய ஆவல். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் எங்கள் தபால்காரி கின்கா. பிழை இருந்தால் அவளுடையது, விஷயம் என்னுடையது.

நம் பல்கேரியாவில் லெவா நாணயம் போய் யூரோ வந்த குளிர்காலம் அது. அதே மாதத்தில்தான் ரொட்டி வண்டி பாலத்தில் கவிழ்ந்து மூன்று நாள் ஊரே ரொட்டியில்லாமல் உருளைக்கிழங்கு தின்றது, மின்கம்பத்தில் நாரை விட்டுப்போன கூடு பற்றி எரிந்து இரண்டு நாள் விளக்கில்லாமல் கிடந்தோம். விளக்கு திரும்பி வந்த அன்று காலையில் என் பேத்தி ரலிட்சா பிளோவ்டிவ் நகரத்திலிருந்து வந்து, தானும் இன்னும் எட்டுப் பேரும் நான்கு வருஷம் உட்கார்ந்து செய்த ‘சாம்பல் கணவாய்’ என்ற வாள்சண்டை விளையாட்டை என் டிவியில் மாட்டிவிட்டுப் போனாள். பெரிய கம்பெனிக்காரர்கள் ஒரு குதிரைக்கு வால் வரைய ஆகும் செலவில் இவர்கள் ஒரு முழு ஊரைச் செய்திருக்கிறார்கள். அதற்குத்தான் தாங்கள் பத்துக்கு ஐந்து போட்டிருக்கிறீர்கள். கின்கா தங்கள் விமர்சனத்தை வாசித்துக் காட்டினாள். ஒருமுறை கேட்டால் எனக்குப் போதும், அறுபது வருஷத்துக்கு முன் படையில் என் சார்ஜென்ட் திட்டியதையே இன்றைக்கும் வரி மாறாமல் சொல்வேன்.

குதிரை கூரைமேல் ஏறி இறங்க மறுக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஏறுகிறது, உண்மை. நானும் ஒரு முழு வாரம் கூரைமேல் இருந்தே சண்டை போட்டேன், ஓநாய்களால் என்னைத் தொட முடியவில்லை, இதைவிட நல்ல குதிரை யார் தருவார்கள்? வரைபடம் தப்பு என்கிறீர்கள். எனக்கு வாசிக்கத் தெரியாததால் அந்தத் தப்பு என்னை அண்டவே இல்லை, ஒருமுறை நடந்த வழி எனக்கு மறக்காது. ரொட்டிக்காரி ஒருத்தி சுவருக்குள் சிக்கிக்கொண்டு கையை மட்டும் வெளியே நீட்டி ரொட்டி விற்கிறாள் என்று சிரித்திருக்கிறீர்கள். அவளை அங்கே தவறுதலாக வைத்தவள் ரலிட்சா. ஆனால் ஓநாய்கள் ஊருக்குள் வந்த அன்று கதவு வைத்த வீட்டுக்காரர்கள் எல்லாரும் போனார்கள், அவள் மட்டும் “ரொட்டி வேணுமா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

இப்போது தங்களுடைய பெரிய புகாருக்கு வருகிறேன். ஊர்க்காரர்கள் சொன்னதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள், இது செய்தவர்களின் கையாலாகாத்தனம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் நானும் முதலில் நினைத்தேன். கதாநாயகனுக்குக் குரல் கொடுக்க ஆள் வைக்க இவர்களிடம் பணம் இல்லை. ஆகையால் யாராவது கேள்வி கேட்டால் திரையில் அவன் தலை இரண்டு வரும், ஒன்று மேலும் கீழும் ஆடும், ஒன்று பக்கவாட்டில் ஆடும், எது வேண்டுமோ அதை அமுக்க வேண்டும். ஊர்த்தலைவர் டோப்ரி கேட்டார், கின்கா வாசித்தாள்: “ஓநாய் வருது, வாசக்கதவச் சாத்திடட்டுமா?” சாத்தத்தானே வேண்டும், பக்கவாட்டுத் தலையை அமுக்கினேன். மனுஷன் போய்க் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு அதன் முன்னாலேயே செத்தார். கொல்லன் வாள் அடித்துத் தரட்டுமா என்றான், அதற்கும் பக்கவாட்டில் ஆட்டினேன், அவன் கோபித்துக்கொண்டு காட்டுக்குள் போய் ஓநாய்க்கு இரையானான். கிணற்றில் விஷம் கலக்கட்டுமா என்று ஒருத்தன் கேட்டான். மேலும் கீழும் ஆட்டி மறுத்தேன். அந்தத் தெருவே போயிற்று.

பத்தொன்பதாம் நாள் ரலிட்சா வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“தாத்தா, மேலயும் கீழயும் ஆட்டினா சரின்னு அர்த்தம். பக்கத்துல ஆட்டினா வேணாம்.”

“எந்த ஊர்ல?”

“உலகம் பூரா. வெளிநாட்டுல விக்கணும்ல, அதனால அப்படி வச்சோம்.”

“அடியே, நம்மூர்ல தொட்டில்ல கிடக்கற பிள்ளைகூட வேணும்னா பக்கத்துலதான ஆட்டும். நீ எங்கடி பொறந்த?”

“உங்க வீட்டுலதான். உங்கள யாரு விளையாடச் சொன்னது?”

ஐயா, இங்கேதான் தாங்கள் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு யோசிக்க வேண்டும். தாங்களும் பல்கேரியர்தான். தாங்களும் பக்கவாட்டில் ஆட்டித்தான் டோப்ரியைக் கொன்றிருக்கிறீர்கள். பழுது விளையாட்டில் இல்லை, தங்கள் கழுத்தில் இருக்கிறது. நான் கழுத்தைத் திருத்திக்கொண்டேன். ஒரு மாதம் கின்காவிடம் தலையாட்டிப் பழகினேன். அவள் காபிக் குவளையை நீட்டி “வேணுமா வல்சோ மாமா?” என்பாள், நான் வெளிநாட்டுக்காரன் மாதிரி மேலும் கீழும் ஆட்டுவேன், “வேணாம்னா போங்க, எனக்கென்ன” என்று அவளே குடித்துவிடுவாள். இப்படிப் பதினாறு காபி போனது. இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் என் தலை தப்பாக ஆடாது.

ரலிட்சாவின் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். ஏழு மதிப்பெண் வந்திருந்தால் இரண்டாம் பாகத்துக்குப் பணம் தருவதாக ஒருவர் சொல்லியிருந்தாராம். தங்கள் ஐந்தைப் பார்த்துவிட்டு அவர் போனை எடுப்பதில்லை. மியூனிக்கில் ஒரு பெரிய கம்பெனி அவளைக் கூப்பிடுகிறது. “உனக்குப் போக ஆசையா?” என்றேன். “எனக்கென்ன ஆசை தாத்தா. இந்த எட்டுப் பேர விட்டுட்டு எப்படிப் போவேன், உங்கள விட்டுட்டு எப்படிப் போவேன்” என்று ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். ஆகவே வருகிற இதழில் எட்டு என்று திருத்திப் போடவும். ஏழு போதும் என்றாலும், தாங்கள் பேரம் பேசுவீர்கள் என்று எட்டாகக் கேட்கிறேன். அவள் இங்கேயே இருப்பாள், விளையாட்டும் வளரும், தங்கள் கழுத்து விஷயத்தை நான் வெளியே சொல்ல மாட்டேன்.

தங்களுக்கு நூறு வயதும், அதுவரை வலிக்காத முழங்காலும் அமையட்டும். தங்கள் தாயார் இருந்தால் அவர் கைக்கு என் முத்தம்.

இப்படிக்கு, கையெழுத்துக்குப் பதில் கட்டைவிரல்,
வல்சோ கரமானொவ்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் ரலிட்சா கின்காவின் போனில் படத்தோடு கூப்பிட்டாள். அவள் பேசுவது எங்களுக்குக் கேட்டது, நாங்கள் பேசுவது அவளுக்குக் கேட்கவில்லை. “தாத்தா, மியூனிக்காரங்க இன்னிக்கே பதில் கேக்கறாங்க. போகட்டுமா?” என்றாள். போகாதே என்று சொல்ல, விளையாட்டுக்குப் பழகிய கழுத்து தானாகப் பக்கவாட்டில் ஆடிவிட்டது. அவள் எங்கள் ஊர்ப் பெண் ஐயா, எங்கள் ஊர் மாதிரியே புரிந்துகொண்டாள். அழுதாள், சிரித்தாள், போனுக்கு முத்தம் கொடுத்தாள். “நீங்க விடமாட்டீங்கன்னு எத்தனை நாளா பயந்துட்டு இருந்தேன் தெரியுமா” என்றாள். கின்கா, “மறுபடி கூப்பிட்டு மாத்திச் சொல்லிடலாம் மாமா” என்றாள். நான் போனை வாங்கி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஏனென்றால் இந்த நான்கு வருஷத்தில் அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்க்கவில்லை.

ஆகவே மேலே சொன்ன எட்டை மறந்துவிடவும். ஐந்தே இருக்கட்டும், முடிந்தால் நான்காக்கவும், எட்டைப் பார்த்தால் அவள் நின்றுவிடுவாள். அப்புறம் அவளே மறுபடி கூப்பிட்டபோது நாங்கள் பேசுவதும் அவளுக்குக் கேட்டது, விளையாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னேன். “ஊர்ல யாரு தாத்தா மிச்சம் இருக்காங்க?” என்று கேட்டாள். ரொட்டிக்காரி மட்டும்தான் என்றேன். அவளுக்கு ரலிட்சா ஒரு பெயர் வைத்திருந்தாளாம், சுவர் மறைத்ததில் யாரும் அதை வாசிக்கவே இல்லை. உயிரோடு இருக்கிற அந்த ஒருத்தியின் பெயர் ஸ்லாவ்கா.