சரி சொல்ல வைக்கும் கல்

கையில் வைத்துத் தேய்த்தால் போதும், "விலை ஜாஸ்தி" என்று முனகுகிற வாடிக்கையாளர் "சரி" என்று சொல்லிவிடுவாராம்! அப்படி ஒரு கல். துணிக்கடைக்காரர்கள் வாங்கிவிட்டார்கள், செருப்புக்கடைக்காரர்கள் வாங்கிவிட்டார்கள். கடைசியில் கல்லுக்குச் சொந்தக்காரரான 'விலைச்சித்தர்' மெத்தைக் கடைக்கே எழுந்தருளினார். மாடி அறையில் விற்பனையாட்கள் இருபது பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். பக்கத்துக் கடைக்காரர்கள் வாசலில் முண்டியடித்தார்கள். பக்திக்கு என்ன குறைச்சல்!

"ஆளுக்கொரு கல்லு வாங்கிடணும். வாங்காதவங்க நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம்" என்று முதலாளி கறாராகச் சொல்லியிருந்தார்.

மெத்தையக்கா அந்த இருபது பேரில் ஒருத்தி. பதினோரு வருடம் மெத்தை விற்றே அந்தப் பெயரை வாங்கியவள். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. கல்லின் விலையோ ஒரு மாதச் சம்பளம். விலை ஜாஸ்தி என்று யாராவது சொன்னால், "யாரு படுக்கப் போறாங்க?" என்று கேட்பாள். முதுகுவலிக் கதை வரும். பொறுமையாகக் கேட்டுவிட்டு, தோதான மெத்தையைக் காட்டுவாள். இதற்குக் கல் எதற்கு?

வாசல் கூட்டத்திலிருந்து ஓர் ஆளைச் சித்தர் அழைத்தார். "தம்பி, என்னை முன்னப்பின்னத் தெரியுமா?"

"சத்தியமா தெரியாதுங்க. சும்மா வழியில போனவன்."

சித்தர் ஒரு மெத்தையைக் காட்டி விலை சொன்னார். "ஐயோ, ஜாஸ்தி..." என்று ஆரம்பித்தவர், சித்தர் கல்லைத் தேய்த்ததும் கண் சொருகி, "சரிங்க, கட்டிக் குடுங்க!" என்றார். கைதட்டலில் அறை அதிர்ந்தது. முதலாளிக்குப் புல்லரித்துவிட்டது.

மெத்தையக்காவுக்குப் புல்லரிக்கவில்லை. படுத்துப் பார்க்காமல், கையால் ஒரு அமுக்கு அமுக்கிக்கூடப் பார்க்காமல் மெத்தை வாங்கிய மனுஷனை இந்தப் பதினோரு வருடத்தில் அவள் கண்டதே இல்லை. எழுந்து நின்றாள்.

"சாமி, கல்லு இப்ப உங்க கையிலதானே இருக்கு?"

"எப்பவும் இருக்கும்மா."

"என்ன விலை?"

"பத்தாயிரம்."

"விலை ஜாஸ்தியா இருக்கே சாமி."

அவ்வளவுதான், வாயை மூடிக்கொண்டாள். அந்த அமைதியில் யார் முதலில் வாயைத் திறக்கிறாரோ அவர்தான் இறங்குவார். கடையில் நிற்கிற எல்லோருக்கும் இது தெரியும்.

சித்தர் கல்லைத் தேய்த்தார். இன்னும் அழுத்தித் தேய்த்தார். அவள் அசையவில்லை.

"சரி, உனக்காக எட்டு."

அவள் பேசவில்லை.

"ஆறு? முதல் போணி, நாலு வச்சுக்கோ. மூணு!"

"மாமா, அதுக்குக் கீழ போயிடாதீங்க!" என்று அலறினார் வழியில் போனவர். "அப்புறம் நம்ம ரெண்டு பேருக்கும் என்னதான் மிஞ்சும்?"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்து என்ன பயன்?

"கல்லு உங்க கையில. சரின்னு சொல்ல வேண்டியது நான். நீங்க ஏன் சாமி எறங்குறீங்க?" என்றாள் மெத்தையக்கா.

சிரிப்பில் அறையே குலுங்கியது. சித்தர் பையைச் சுருட்டிக்கொண்டு படியிறங்கினார். வழியில் போனவர் அதே வழியில் பின்னால் ஓடினார்.

"அப்ப நாளைக்கு நான் வேலைக்கு வரலாமா முதலாளி?"

"வாம்மா. வந்து இவங்களுக்கு நீயே சொல்லிக் குடு." முதலாளி குரலைத் தாழ்த்தினார். "நேத்தே நான் பத்தாயிரம் குடுத்து ஒண்ணு வாங்கிட்டேனே!"

"ஜாஸ்தின்னு ஒரு வார்த்தை சொல்லிப் பாத்திருக்கலாமே!"

ஒரு மெத்தை வாங்க நாலு தடவை உருண்டு புரண்டு பார்க்கிறீர்களே ஐயா, ஒருத்தனை நம்புமுன் ஒரே ஒரு தடவை அமுக்கிப் பார்த்தால் குறைந்தா போய்விடுவீர்கள்?