இரண்டாம் கம்பி, மூன்றாம் கம்பி

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டிலிருந்து நாலு வரை தூங்கியே தீருவது என்று ரிப்பேர்க்காரர் சபதம் எடுத்தார். வாரம் ஆறு நாளும் கடை கடையாக ஏறி, தராசையும் கம்ப்யூட்டரையும் பேச வைத்துவிட்டு வருகிற மனுஷன். இந்த இரண்டு மணி நேரம்கூடவா கிடைக்காது? கிடைக்காது. வீட்டில் மனைவியின் எம்பிராய்டரி மிஷின் இருக்கிறதே! அது ஓடினால் கட்டில் தானாக நகரும்.

இந்தத் தடவை பள்ளிக்கூட பேட்ஜ் இருநூறு. திங்கள் காலையில் கொடுக்காவிட்டால் பள்ளிக்கூடம் இனி அவள் பக்கமே திரும்பாது. அது அவருக்கும் தெரியும். ஆனால் தூக்கம் கண்ணை மறைத்தது.

மிஷின் யூ.எஸ்.பி.க்கு முன்னால் பிறந்தது. கம்ப்யூட்டரிலிருந்து டிசைன் ஒன்பது ஊசி சீரியல் கேபிள் வழியாகத்தான் அதற்குப் போகும். அதில் பேச ஒரு கம்பி, கேட்க ஒரு கம்பி. இரண்டாவதும் மூன்றாவதும். சனிக்கிழமை அவர் அந்த இரண்டையும் இடம் மாற்றி, ஈயத்தை உருக்கி சால்டர் வைத்தார். இனி இரண்டு பக்கமும் பேசும், கேட்க ஆளிருக்காது. நாலு மணிக்கு எழுந்து சரிசெய்துவிட்டால் போச்சு.

“என்னங்க, மிஷின் டிசைனை வாங்கவே மாட்டேங்குது.”

“கேபிள் பழசு பாரு. நாலு மணிக்கு பாக்கறேன்.”

“இப்பவே பாத்தா என்ன?”

“சூடா இருக்கும்மா. ஆறட்டும்.”

“கேபிளா?”

“ஆமா.”

“பாவம், அதுவும் களைச்சிருக்கும். நீங்க தூங்குங்க.”

இவ்வளவு சுலபமாகவா? இழுத்துப் போர்த்திக்கொண்டார். பத்து நிமிஷம் ஆகவில்லை. தடதடதட!

எழுந்து ஓடினார். துணியில் மஞ்சள் சிங்கம் பாதி முளைத்திருந்தது.

“ஓடுதா?”

“ஏன், ஓடக்கூடாதா?”

“எப்படி ஓடுது?”

“ஊசி மேல போகுது, கீழ வருது.”

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி ஆகிவிட்டது. மேலே கேட்டால் ஒப்புக்கொண்டதாகிவிடும். போய்ப் படுத்தார். மாற்றிப் போட்ட கம்பியில் எப்படி ஓடும்? இருபது வருஷத் தொழில் தலைகீழாக நின்றது. உடம்பெல்லாம் அசதி, ஆனால் தூக்கம் வரவில்லை.

மூன்று மணிக்கு மனைவி பையை எடுத்தாள்.

“மஞ்சள் நூல் தீந்துடுச்சு. கடைக்குப் போய்ட்டு வரேன். ஒண்ணையும் தொடாதீங்க.”

கதவு சாத்தியதும் கேபிளைத் திறந்தார். கம்பிகள் அவர் மாற்றிய இடத்திலேயே இருந்தன! இப்படியே ஓடி மிஷின் புகைந்துவிட்டால்? பேட்ஜ் என்ன ஆவது? அவசரமாகப் பழையபடி சால்டர் வைத்து மூடி, கட்டிலில் விழுந்து குறட்டையும் விட்டார்.

மனைவி வந்து அடுத்த பேட்ஜுக்கு டிசைனை அனுப்பினாள். மிஷின் அசையவில்லை.

“என்னங்க, நான் போறவரைக்கும் ஓடிச்சே. யார் தொட்டது?”

“நான் தூங்கிட்டிருந்தேனே!”

“தூங்கிட்டேவா சால்டர் வெச்சீங்க? வீடெல்லாம் வாடை. நேத்தும் இதே வாடைதான்.”

கம்ப்யூட்டரின் பின்பக்கத்திலிருந்து கட்டைவிரல் அளவு அடாப்டர் ஒன்றைக் கழற்றி மேஜையில் வைத்தாள். அவருடைய ரிப்பேர் சாமான் டப்பாவில் கிடந்ததுதான். உள்ளே இரண்டாம் கம்பியும் மூன்றாம் கம்பியும் இடம் மாறியிருக்கும்.

“மாறினதை இன்னொரு தடவை மாத்தினா நேராயிடும்னு நீங்கதானே சொன்னீங்க? கல்யாணமான புதுசுல வேற பேச்சே இல்லையே. நான் கேட்டுட்டுத்தான் இருந்தேன்.”

அடாப்டர் போனதும் மிஷின் தடதடத்தது. அவர் மடியில் கத்தரிக்கோலும் முடிந்த பேட்ஜ்களும் வந்து விழுந்தன. நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்ட வேண்டும், இருநூறுக்கும்.

நாற்பதாவது சிங்கத்தில் அவருக்குச் சந்தேகம் வந்தது. அவள் கடைக்குக் கொண்டுபோன பை காலியாகக் கிடந்தது.

“மஞ்சள் நூல் வாங்கலையா?”

“அது எப்பங்க தீந்துச்சு?”