இங்கிலீஷில் மூன்று நிமிடம், தமிழில் இரண்டு வரி

கெட்ட வார்த்தைக்கு நான் விரோதி இல்லை. எனக்கு அது தமிழில் வாயில் வராது, அவ்வளவுதான். இந்தக் குறையை முன்கூட்டியே சொல்லாமல் மேடை ஏறியதால் வந்த வினை இது.

அப்போது எங்கள் கருங்கல் ஊர்ப் பக்கத்தில் சபைகள் நடத்தும் கன்வென்ஷன் கூட்டங்களில் நான் பேர்போன மொழிபெயர்ப்பாளன். வெளிநாட்டுப் பிரசங்கியார் ஒரு வரி சொல்வார். பக்கத்தில் நின்று அதைத் தமிழில் முழங்குவேன். (அவரைவிட என் சத்தம்தான் ஜங்ஷன் வரை கேட்கும்.) அதை நம்பி எங்கள் வாசகர் மன்றத் தலைவர் கூப்பிட்டார்.

"மக்கா, ஞாயித்துக்கெழம மத்தியானம் ஒரு இங்கிலீஷ் ஆவணப்படம் போடுதோம். சிரிப்பு நடிகர்களப் பத்தியாக்கும். நான் அங்கங்க நிப்பாட்டுவேன், நீ தமிழ்ல சொல்லணும்."

படத்தை அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. அதற்குள் அம்மா பக்கத்து ஊரான புதுக்கடைக்குப் போன் போட்டுவிட்டாள். அங்கே ஜெசி என்ற நர்ஸை எனக்குப் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். "பையனுக்க இங்கிலீஷ நேர்ல வந்து கேளுங்க" என்று ஒரே பெருமை. ஜெசியும் அவள் அப்பாவும் மூன்றாவது வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். போட்டோவிலேயே பிடித்துப்போன பெண். இதைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன்.

படம் ஆபாச நகைச்சுவையைப் பற்றியது. முதலில் வந்த சொட்டைத்தலை நடிகர், டாக்டரிடம் போன ஒருவனைப் பற்றி மூன்று நிமிடம் பேசினார். உடம்பில் ஒரு பாகத்தையும் விட்டுவைக்கவில்லை. தலைவர் படத்தை நிறுத்தினார். ஹால் முழுக்க என் வாயையே பார்த்தது. கன்வென்ஷன் குரலில் முழங்கினேன்.

"ஒருவர் மருத்துவரைப் பார்க்கப் போனார். பிறகு வீட்டுக்கு வந்துவிட்டார்!"

முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார். "ஏலே, அவன் மூணு நிமிட்டு பேசுனான். கேட்டவனெல்லாம் உருண்டு சிரிக்கான். வீட்டுக்கு வந்ததுல என்னல சிரிப்பு?"

"அவ்வளவுதான் சொன்னாரு, மாமா."

மூன்றாவது வரிசையில் ஜெசி மட்டும் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியும் என்பது அப்போதுதான் உறைத்தது. (கல்யாணக் கனவு வந்தால் மூளை லீவு போட்டுவிடும்.) மீதி ஒரு மணி நேரமும் இதே கதைதான்.

முடிந்ததும் பார்வையாளர்கள் துண்டுச்சீட்டில் கருத்து எழுதிக் கொடுத்தார்கள். அதை மைக்கில் வாசிப்பதும் என் தலையில்தான் விழுந்தது.

"ஆபாசம் கண்டிக்கத்தக்கது. ஆனால் எதைக் கண்டிப்பது என்று தெரியவில்லை."

"சொட்டைத்தலையர் என்னதான் சொன்னார்? தெரியப்படுத்தவும்."

"சுத்தமான படம். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் காட்டலாம்."

கடைசிச் சீட்டை வாசித்து முடித்த பிறகுதான் யார் எழுதியது என்று புரிந்தது. "டாக்டர் ஜோக்கை நாங்கள் வார்டில் இதைவிட மோசமாகச் சொல்வோம். மொழிபெயர்த்தவருக்குப் பொய் சொல்லவே தெரியவில்லை. நல்ல விஷயம்."

மொத்த ஹாலும் நர்ஸைத் திரும்பிப் பார்த்தது. அவள் அப்பா முகம் இறுகியது. சம்பந்தம் போச்சு என்று நான் மைக்கைப் பிடித்தபடி நின்றேன். அவர் மகள் பக்கம் சாய்ந்து, மெதுவாகக் கேட்பதாக நினைத்துக்கொண்டு ஹாலுக்கே கேட்கும்படி கேட்டார்: "பிள்ளே, அந்த ஜோக்கு என்னவாக்கும்?"

அவள் காதில் சொன்னாள். மனிதர் சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடியது. அடுத்த மாதம் நிச்சயதார்த்தம்.

போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து, "சுகர் லேசாத்தான் இருக்குதாம்" என்றேன். எங்கள் மகள் உள்ளே இருந்து என் பழைய கன்வென்ஷன் குரலில் முழங்கினாள்: "ஒருவர் மருத்துவரைப் பார்க்கப் போனார்!"

"பிறகு வீட்டுக்கு வந்துவிட்டார்!" என்று முடித்தாள் ஜெசி. "ரிப்போர்ட்ட இங்க எடுங்க."

கொடுத்தேன். இப்போது சாயாவுக்குச் சீனி கிடையாது.